எடுக்கும் தண்ணீரை அளந்தாக வேண்டும்: கலிஃபோர்னியா நீரளவு விதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிஃபோர்னியாவில் ஆறு, ஓடை, ஏரி போன்ற மேற்பரப்பு நீர்நிலையிலிருந்து ஆண்டுக்கு 10 ஏக்கர்-அடிக்கு மேல் தண்ணீர் எடுப்பவர் அதை அளக்க வேண்டும், பதிந்து வைக்க வேண்டும், ஆண்டுதோறும் மாநில நீர்வளக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கணக்குக் காட்ட வேண்டும். 2015-ல் வந்த எஸ்.பி. 88 (மாநில செனட் மசோதா 88) சட்டமும், அதன்படி வாரியம் 2016 ஜனவரியில் ஏற்று அதே ஆண்டு மார்ச்சில் நடைமுறைக்கு வந்த விதிகளும் இதைக் கட்டாயமாக்கின. நிலம் வைத்திருப்பவர்களும் பண்ணையைப் பார்த்துக்கொள்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம்.

இந்தச் சட்டம் ஏன் வந்தது?

2012-ல் தொடங்கிய வறட்சிதான் காரணம். 2014 ஜனவரி 17 அன்று ஆளுநர் ஜெர்ரி பிரவுன் வறட்சி நெருக்கடிநிலையை அறிவித்தார். அங்கே ‘முதலில் எடுத்தவருக்கு முதல் உரிமை’ என்பது முறை. ஆறு வற்றினால் பிந்தைய உரிமைக்காரர்கள் முதலில் நிறுத்த வேண்டும். யாரை எந்தத் தேதியில் நிறுத்தச் சொல்வது என்று கணக்குப் போட உட்கார்ந்தபோது வாரியத்தின் கையில் இருந்தது என்ன? பலரிடமிருந்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வந்த, பெரும்பாலும் குத்துமதிப்பான அறிக்கைகள்.

2009-ல் வந்த ஒரு சட்டம் 2012 முதல் மாதவாரி அளவு வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தது. ஆனால் ‘எங்கள் இடத்தில் அளப்பது செலவுக்குக் கட்டுப்படியாகாது’ என்று காரணம் காட்டி விலக முடிந்தது. அந்த வழியை அடைத்துத்தான் எஸ்.பி. 88 வந்தது. ஆளுநர் அதில் கையெழுத்திட்ட நாள் 2015 ஜூன் 24.

ஏக்கர்-அடி என்றால் எவ்வளவு தண்ணீர்?

ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்குத் தேங்கும் தண்ணீர். அதாவது 43,560 கன அடி, சுமார் 12.33 லட்சம் லிட்டர். அமெரிக்க கேலனில் 3,25,851. மேட்டூர் அணை நிலவரத்தை நாள்தோறும் படிப்பவர்களுக்கு டி.எம்.சி. பழக்கம். ஒரு டி.எம்.சி. ஏறத்தாழ 22,957 ஏக்கர்-அடி. மேட்டூரின் முழுக் கொள்ளளவான 93.47 டி.எம்.சி. என்பது 21 லட்சத்து 46 ஆயிரம் ஏக்கர்-அடிக்குச் சற்றுக் குறைவு.

ஓட்டத்துக்கு நம்மைப் போலவே அவர்களும் வினாடிக்கு இத்தனை கன அடி என்றுதான் சொல்வார்கள். வினாடிக்கு 1 கன அடி என்பது நிமிடத்துக்கு 449 கேலன். அது 24 மணி நேரம் ஓடினால் 1.98 ஏக்கர்-அடி. இந்த ஒரு எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பாதிக் கணக்கு அதிலேயே முடிந்துவிடும்.

10 ஏக்கர்-அடி என்பது பெரிய அளவல்ல. ஏக்கருக்கு ஆண்டில் 4 ஏக்கர்-அடி கேட்கும் குதிரைமசால் பயிர் 3 ஏக்கர் போட்டாலே வரம்பைத் தாண்டிவிடும். நிமிடத்துக்கு 50 கேலன் தரும் சின்ன பம்பும் இடைவிடாமல் ஓடினால் 45 நாளில் 10 ஏக்கர்-அடியை இறைத்துவிடும்.

எங்கள் உரிமை 1914-க்கு முந்தையது. எங்களையும் இது கட்டுப்படுத்துமா?

கட்டுப்படுத்தும். 1914 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த நீர் ஆணையச் சட்டத்துக்கு முந்தைய உரிமையாக இருந்தாலும், ஆற்றங்கரை நிலத்தோடு சேர்ந்து வரும் கரையோர உரிமையாக இருந்தாலும், வாரியம் கொடுத்த அனுமதி, உரிமம், பதிவு எதுவாக இருந்தாலும் விதி ஒன்றே. ஆண்டுக்கு 10 ஏக்கர்-அடிக்கு மேல் எடுத்திருக்கிறீர்களா, அல்லது எடுக்கப் போகிறீர்களா என்பதுதான் கேள்வி.

குறிப்பிட்ட ஒரு வடிநிலத்தில், கிடைக்கும் தகவலைவிட அளக்கும் செலவு மிக அதிகம் என்று தெரிந்தால், அங்கே வரம்பை 25 ஏக்கர்-அடியாகவோ அதற்கு மேலாகவோ உயர்த்த வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. அது வாரியம் எடுக்க வேண்டிய முடிவு. நாமாக அப்படி வைத்துக்கொள்ள முடியாது.

கிணற்று நீருக்கும் உண்டா?

பொதுவாக நிலத்தடி நீருக்கு இந்த விதி இல்லை. அதற்கு 2014-ல் வந்த நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டம் தனியாக இருக்கிறது. ஆனால் ஆற்றை ஒட்டித் தோண்டிய கிணறு, நிலத்துக்கடியில் வரையறுத்த தடத்தில் ஓடும் நீரோட்டத்தில் இருந்து இறைக்கிறது என்றால் அது மேற்பரப்பு நீர் போலவே கருதப்படும். கரையோரக் கிணறு வைத்திருப்பவர்கள் இதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

நான் எந்தப் பிரிவில் வருவேன்? எவ்வளவு துல்லியமாக, எத்தனை முறை அளக்க வேண்டும்?

நேரடியாக எடுத்துப் பாய்ச்சுபவர்களுக்கு மூன்று படிகள். ஆண்டுக்கு 1,000 ஏக்கர்-அடியும் அதற்கு மேலும் என்றால் மணிக்கு ஒரு பதிவு. பிழை 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 100 முதல் 1,000 வரை என்றால் நாளுக்கு ஒரு பதிவு. பிழை அதே 10 சதவீதம். 10-க்கு மேல் 100-க்குள் என்றால் வாரத்துக்கு ஒரு பதிவு. பிழை 15 சதவீதம் வரை போகலாம். கருவி பொருத்தக் கெடு முறையே 2017 ஜனவரி 1, 2017 ஜூலை 1, 2018 ஜனவரி 1. மூன்றும் எப்போதோ கடந்துவிட்டன. எனவே இன்று நிலம் வாங்குகிறவர், வாங்கும்போதே அங்கே கருவி இருக்கிறதா, அறிக்கைகள் போயிருக்கின்றனவா என்று கேட்க வேண்டும்.

தேக்கி வைப்பவர்களுக்குக் கொள்ளளவை வைத்துக் கணக்கு: 1,000 ஏக்கர்-அடியும் மேலும் என்றால் மணிக்கொன்று, 200-ம் மேலும் என்றால் நாளுக்கொன்று, 50-ம் மேலும் என்றால் வாரத்துக்கொன்று, 10-க்கு மேல் என்றால் மாதத்துக்கொன்று. முதல் இரண்டுக்கும் 10 சதவீதம், மற்றவற்றுக்கு 15. மிகப் பெரிய பயனாளிகள், அதாவது 10,000 ஏக்கர்-அடி அளவில் எடுப்பவர்களும் தேக்குபவர்களும், 2020 முதல் தொலையளவிக் கருவி வழியாகத் தரவைப் பொது இணையதளத்தில் காட்டவும் கடமைப்பட்டவர்கள்.

1,000 ஏக்கர்-அடி என்றால் எங்கோ இருக்கும் பெரிய நிறுவனம் என்று நினைக்க வேண்டாம். 180 நாள் பருவத்தில் வினாடிக்கு 2.8 கன அடி ஓடும் ஒரு நடுத்தர வாய்க்காலே அந்த அளவைத் தொட்டுவிடும்.

கருவியை நானே பொருத்தலாமா?

ஆண்டுக்கு 100 ஏக்கர்-அடிக்குக் குறைவாக எடுப்பவருக்கு, அளவீட்டில் அனுபவமுள்ள ஒருவர் பொருத்திச் சான்றளித்தால் போதும். அதற்கு மேல் என்றால் மாநிலத்தில் பதிவுபெற்ற பொறியாளர், அவருடைய மேற்பார்வையில் வேலை செய்பவர், அல்லது கிணறு (சி-57), பம்ப் மற்றும் இயந்திரம் (சி-61/டி-21) ஆகியவற்றுக்கு உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் போன்றவர்கள் வேண்டும். மலைப்பகுதிப் பண்ணைகளுக்கு இப்படி ஆள் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. அதனால்தான் 2017-ல் ஏ.பி. 589 (மாநிலப் பேரவை மசோதா 589) சட்டம் வந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழக விரிவாக்கப் பிரிவு நடத்தும் அளவீட்டுப் பயிற்சியை முடித்தவர், தன் சொந்த எடுப்பிடத்தில் தானே கருவி வைத்துப் பராமரிக்க அது வழிசெய்தது. செலவை மிச்சப்படுத்துவதைவிட இதில் பெரிய நன்மை ஒன்று உண்டு: கருவி எப்படி வேலை செய்கிறது என்பது தினமும் மதகைத் திறப்பவருக்கே தெரிந்துவிடும்.

எந்த வகையில் பொருத்தினாலும், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது துல்லியத்தைச் சோதித்துச் சான்று புதுப்பிக்க வேண்டும்.

வாய்க்காலுக்கு எந்தக் கருவி பொருத்தம்?

வாய்க்காலில் எவ்வளவு இறக்கம் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். அதுவே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

இறக்கம் தாராளமாக இருந்தால், வாய்க்காலுக்குக் குறுக்கே நிறுத்தி, மேல்பக்கம் வெட்டிய பிளவு (நாட்ச்) வழியாக நீரை விழவைக்கும் கூர்விளிம்புப் பலகை போதும். இதில் ஓட்டம் குறைவான இடத்துக்கு 90 பாகை வி-நாட்ச் சிறந்தது. விளிம்பின் அடிமுனைக்கு மேல் நீர் 0.5 அடி நின்றால் வினாடிக்கு 0.45 கன அடி, 1 அடி நின்றால் 2.49 கன அடி, 1.25 அடி நின்றால் 4.3 கன அடி. அதற்கு மேல் ஓடும் என்றால் செவ்வக நாட்ச் வைக்க வேண்டும். மூன்று அடி அகல நாட்சில் அரை அடி நீர் நின்றால் சுமார் 3.4 கன அடி.

நிலம் தட்டையாக இருந்தால் பலகை வைக்காதீர்கள். கீழே நீர் எதிர்த்து நிற்கும், மேலே வண்டல் சேரும். அங்கே பார்ஷல் ஃப்ளூம்தான்: நடுவில் ‘தொண்டை’ போலக் குறுகிப் பின் விரியும் அளவுத் தொட்டி. தொண்டை ஓர் அடி அகலமுள்ள ஃப்ளூமில் அளவுகோல் 0.70 அடி காட்டினால் வினாடிக்கு 2.32 கன அடி. நாளெல்லாம் அப்படியே ஓடினால் 4.6 ஏக்கர்-அடி. வண்டல் தானாகவே அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால் கலங்கல் நீருக்கும் இதுவே நல்லது.

தக்கையை மிதக்கவிட்டு நேரம் பார்க்கும் பழைய முறை, மதகின் கொள்ளளவை அறிய முதல் நாள் உதவும். 10 சதவீதத் துல்லியம் கேட்கும் இடத்தில் அதை நம்பக் கூடாது.

ஃப்ளூமும் நாட்சும் எங்கே தவறாகப் போகின்றன?

கருவியின் தரத்தால் வரும் பிழை குறைவு. வைத்த இடத்தாலும் வைத்த விதத்தாலும் வருபவைதான் அதிகம்.

ரசமட்டம் வைத்துப் பார்க்காத ஃப்ளூம் முதல் குற்றவாளி. மண் இறுகாத இடத்தில் வைத்த ஃப்ளூம் ஒரு பருவத்திலேயே ஒரு பக்கம் அமுங்கிவிடும். அளவுகோலின் பூஜ்யம் 0.03 அடி, அதாவது சுண்டுவிரல் அகலம்கூட இல்லை, அவ்வளவு நகர்ந்தால் என்ன ஆகும்? நீர் 0.30 அடி நிற்கும்போது அது மட்டத்தில் 10 சதவீதப் பிழை. ஓட்டத்தில் 15 சதவீதம். ஒரே அமுங்கலில் அனுமதித்த வரம்பு முழுவதும் தீர்ந்துவிட்டது. ஆகவே ஆண்டுதோறும் தண்ணீர் விடும் முன் தரையை நீள, அகல வாக்கில் ரசமட்டத்தால் பாருங்கள். அளவுகோலின் பூஜ்யம் ஃப்ளூம் தரையோடு ஒத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வி-நாட்சில் இந்தப் பிழை இன்னும் பெருகும். 0.40 அடியை 0.42 என்று படித்தால் ஓட்டம் 0.257-லிருந்து 0.290 கன அடியாகத் தெரியும். ஏறக்குறைய 13 சதவீதம் போனது. மட்டத்தில் 1 சதவீதம் தவறினால் செவ்வக நாட்சில் ஒன்றரை சதவீதமும் வி-நாட்சில் இரண்டரை சதவீதமும் தவறும்.

அளவுகோலை நாட்சின் விளிம்பிலேயே அறைந்து வைப்பது அடுத்த தவறு. விளிம்பை நெருங்கும்போது நீர் வேகமெடுத்து மட்டம் தாழ்ந்துவிடும். நீர் நிற்கும் அதிகபட்ச உயரத்தைப் போல குறைந்தது நான்கு மடங்கு தூரம், நீர் வரும் பக்கமாகத் தள்ளி வையுங்கள். அதன் பூஜ்யம் மட்டும் விளிம்பின் மட்டத்தோடு சரியாக இருக்க வேண்டும். பார்ஷல் ஃப்ளூமில் இடம் வேறு: குறுகிச் செல்லும் பக்கச் சுவரின் நீளத்தில், தொண்டை தொடங்கும் விளிம்பிலிருந்து மேல்நோக்கி மூன்றில் இரண்டு பங்குத் தொலைவில்.

விழும் நீர்த் திரைக்குப் பின்னால் காற்று புக வேண்டும். கீழ்ப்பக்க நீர் மட்டம் விளிம்புக்கு 0.2 அடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். திரை பலகையோடு ஒட்டிக்கொண்டு வழிந்தால் சூத்திரம் பொருந்தாது. ஃப்ளூமில் கீழ்நீர் ஓரளவு ஏறுவதைத் தாங்கலாம்: ஓர் அடி முதல் எட்டு அடித் தொண்டைக்குக் கீழ்ப்பக்க நீர்மட்டம் மேல்பக்க நீர்மட்டத்தில் 70 சதவீதம் வரை. ஆறங்குலம், ஒன்பதங்குலத் தொண்டைக்கு 60 சதவீதம்தான். ஜூன் மாதம் சரியாகக் காட்டிய ஃப்ளூம் ஆகஸ்டில் கூடுதலாகக் காட்டுகிறதா? கீழே வாய்க்காலில் கோரை முளைத்திருக்கும். அதை வெட்டினால் ஃப்ளூம் பழையபடி வேலை செய்யும்.

எலி வளையும் முக்கியம். ஃப்ளூமின் பக்கவாட்டிலும் அடியிலும் நீர் கசிந்து ஓடினால் அது கணக்கில் வராது. கெட்டித்த களிமண்ணோ கான்கிரீட் தடுப்புச் சுவரோ வைத்து மூடுங்கள். மதகுக்கு மிக அருகில் ஃப்ளூம் வைத்தால் நீர் கொந்தளித்தபடியே நுழையும். அளவுகோலில் நீர் மேலும் கீழும் ஆடுவதே அதற்கு அடையாளம்.

அளவுகோலைப் படிக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

அங்குலம் அல்ல! இந்த அளவுகோல்களில் ஓர் அடி பத்தாகவும், ஒவ்வொன்றும் மீண்டும் பத்தாகவும் பிரிந்திருக்கும். 0.5 என்றால் ஆறு அங்குலம். சாதாரண டேப்பால் அளந்து ‘ஐந்து அங்குலம்’ என்று வந்ததை 0.5 என்று எழுதுவது நாங்கள் அடிக்கடி பார்க்கும் பிழை. ஓரடி ஃப்ளூமில் ஐந்து அங்குலத்துக்கு உண்மை ஓட்டம் 1.06 கன அடி; 0.5 அடிக்கு 1.39. மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கணக்குக் காட்டிவிடுவீர்கள்.

வாரம் ஒருமுறை படிப்பவர்களுக்கு இன்னொன்று. மீட்டர் மொத்தத்தைக் கூட்டிக் காட்டினால் வாரம் ஒருமுறை பார்ப்பது போதும். ஃப்ளூம் அளவுகோல் அந்த நொடியின் ஓட்டத்தை மட்டுமே சொல்லும். செவ்வாய் மாலை மதகை மூடியதும், வெள்ளி காலை பாதி திறந்ததும் அதற்குத் தெரியாது. எனவே மதகைத் தொடும் ஒவ்வொரு முறையும் தேதி, மணி, முன் மட்டம், பின் மட்டம் நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டை மதகருகிலேயே பெட்டியில் வையுங்கள். வீட்டில் இருந்தால் எழுத மாட்டோம்.

குழாயில் வரும் தண்ணீருக்கு?

புரொப்பெல்லர் மீட்டர், மின்காந்த மீட்டர் இரண்டும் பரவலாக இருக்கின்றன. எதுவானாலும் குழாய் நிறைந்து ஓட வேண்டும். பாதிக் குழாயில் ஓடும் தண்ணீரை முழுக் குழாய் என்றே மீட்டர் எண்ணிக்கொள்ளும். மேல்நோக்கி ஏறும் பகுதியில் வைப்பதோ, மீட்டருக்குப் பின் குழாயை வளைத்து உயர்த்துவதோ இதைத் தீர்க்கும்.

பம்ப், வால்வு, வளைவு ஆகியவற்றைக் கடந்தவுடன் நீர் சுழன்றபடி வரும். அதனால் மீட்டருக்கு முன் நேர்க்குழாய் தேவை. எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளர் சொல்வார். புரொப்பெல்லருக்குக் குழாய் விட்டத்தைப் போல 10 மடங்கு விட்டால் பெரும்பாலும் பாதுகாப்பு: எட்டங்குலக் குழாய்க்கு 80 அங்குலம், ஏழடிக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு இடம் இல்லையென்றால் நேராக்கும் தகடுகள் போடலாம், அல்லது குறைந்த நேர்க்குழாய் போதும் மின்காந்த மீட்டருக்கு மாறலாம்.

புரொப்பெல்லரில் பாசி சுற்றினால் குறைவாகக் காட்டும்; காற்று கலந்து வந்தால் கூடுதலாகக் காட்டும். எண்பலகையின் பெருக்கெண்ணைப் பாருங்கள். ‘கேலன், நூறால் பெருக்குக’, ‘ஏக்கர்-அடி, 0.001’ என்று ஓர் ஓரத்தில் சிறிதாக இருக்கும். அதைக் கவனிக்காமல் பத்து மடங்கு தவறாக எழுதியவர்கள் உண்டு. வந்த எண் பொருத்தமானதா என்று சரிபார்க்க ஒரு வழி: பம்பின் ஓட்டத்தை ஓடிய மணியால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 449 கேலன் தரும் பம்ப் 100 மணி நேரம் ஓடினால் 8.3 ஏக்கர்-அடி. மீட்டர் 83 என்றால் தவறு உங்கள் பெருக்கலில்.

குளத்தில் தேக்குகிறேன். எதை அளப்பது?

நீர்மட்டத்தை. மட்டத்தை வைத்துக் கொள்ளளவு அட்டவணையில் பார்த்தால் அளவு கிடைக்கும். இரண்டு தேதிகளின் வித்தியாசம் தேக்கிய அளவு. அட்டவணை பழையதாக இருந்தால் அதை நம்பாதீர்கள். வண்டல் சேர்ந்து அடி மேடாகியிருக்கும். மறுபடி அளவை செய்து புதிய அட்டவணை போட வேண்டும். நீர்ப்பரப்பு 5 ஏக்கர் உள்ள குளத்தில் 0.1 அடி தவறாகப் படித்தால் அரை ஏக்கர்-அடி தவறும். காற்றடிக்கும் நாளில் அலை அடங்கும் அதிகாலையில் படியுங்கள்.

மணிக்கு ஒரு பதிவு என்றால் டேட்டா லாகர் (அளவைத் தானே பதியும் கருவி) வேண்டுமே. அதில் என்ன கெடும்?

ஆண்டுக்கு 8,760 பதிவுகள், கையால் முடியாது. வழக்கமாக ஃப்ளூம் பக்கத்தில் ஓர் அமைதிக் கிணறு (நீர் ஆடாமல் நிற்கும் சிறு தொட்டி) வைத்து அதில் அழுத்த சென்சாரை இறக்குவார்கள். சென்சார் இரு வகை. காற்றுக்குழல் உள்ளதில், குழலின் முனையில் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்கும். நிறம் மாறினால் உடனே மாற்றுங்கள். இல்லாவிட்டால் குழலுக்குள் நீர் கோத்து அளவு மெல்ல நகரும். காற்றுக்குழல் இல்லாத வகைக்கு, வளிமண்டல அழுத்தத்தைத் தனியே அளந்து கழிக்க வேண்டும். பாதரச அளவில் 0.3 அங்குலம் அழுத்தம் மாறினால் அது 0.34 அடி நீராகத் தெரியும். சின்ன ஃப்ளூமில் மொத்த மட்டமே அவ்வளவுதான்! ஒரு புயல் கடந்தாலே தரவு முழுவதும் பாழ்.

மாதம் ஒருமுறையாவது அளவுகோலைக் கண்ணால் பார்த்து லாகரோடு ஒப்பிட்டு எழுதுங்கள். கடிகாரத்தைக் கோடை நேரத்துக்கு மாற்றாமல் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தில் ஓட விடுங்கள். தரவை இறக்காமல் பேட்டரியை மாற்றாதீர்கள். கருவி பழுதானால் எந்தத் தேதியிலிருந்து எதுவரை, இடைப்பட்ட அளவை எப்படிக் கணித்தீர்கள் என்று எழுதி வைத்து வாரியத்துக்கும் தெரிவியுங்கள்.

மின்கட்டணச் சீட்டை வைத்துக் கணக்குப் போடக் கூடாதா?

போடலாம், ‘அளவு முறை’ என்ற பிரிவில், துல்லியத்தைக் காட்ட முடிந்தால். பம்ப் சோதனையில் ஓர் ஏக்கர்-அடிக்கு 300 யூனிட் என்று வந்தால், 6,000 யூனிட் ஓடிய மாதம் 20 ஏக்கர்-அடி. ஆனால் ஆற்று மட்டம் தாழ்ந்தாலோ, பம்பின் சுழல்சக்கரமான இம்பெல்லர் தேய்ந்தாலோ அந்த 300 மாறும். அதே மின்மீட்டரில் வீட்டு விளக்கும் எரிந்தால் கணக்கு நிற்காது.

ஒரே வாய்க்காலில் ஏழெட்டுப் பேர் பங்கு. ஒவ்வொருவரும் கருவி வைக்க வேண்டுமா?

தேவையில்லை. தலைமதகில் ஒரு கருவி வைத்து, பங்கீட்டை எழுத்து ஒப்பந்தமாக்கி, அதை ஒரு கூட்டு அளவு முறையாக வாரியத்திடம் பதியலாம். அறிக்கை மட்டும் அவரவர் பெயரில் போக வேண்டும். ஆற்றிலிருந்து எடுத்ததுதான் கணக்கு. வயலில் பாய்ந்து மிஞ்சி மறுபடி ஆற்றுக்குப் போனதை இங்கே கழிக்கக் கூடாது.

கருவி வைக்கவே வழியில்லாத இடம் என்றால்?

மாற்று இணக்கத் திட்டம் என்று ஒன்றைத் தாக்கல் செய்யலாம். நேரடியாக விதியைப் பின்பற்றுவது நடைமுறையில் முடியாது, செலவு நியாயமற்றது, மீன் போன்ற பொதுநலனுக்குக் கேடு, அல்லது தண்ணீரே வீணாகும் என்று காட்ட வேண்டும். ‘செலவு’ என்று ஒரு சொல் எழுதினால் போதாது: விலைப்புள்ளி, படம், எத்தனை சதவீதத் துல்லியம் உங்களால் முடியும், எப்போதுக்குள் என்பதையும் சேருங்கள். வேலை நடக்கிறது, காலம்தான் போதவில்லை என்றால் கூடுதல் கால விண்ணப்பம் தனியாக உண்டு.

அறிக்கை எப்போது?

நீராண்டு அக்டோபர் 1 முதல் செப்டம்பர் 30 வரை. அதற்கான அறிக்கை அடுத்த பிப்ரவரி 1-க்குள் இணையத்தில் போக வேண்டும். முன்பு உரிமத்துக்கு ஏப்ரல் 1, மற்ற அறிவிக்கைகளுக்கு ஜூலை 1 என்று இருந்தது. 2021 சட்டத்தால் மாறியது. பழைய தேதியை நினைவில் வைத்துக்கொண்டு தவறவிடாதீர்கள். மாதவாரி அளவோடு கருவியின் தரவுக் கோப்பும் போக வேண்டும்.

அளக்காவிட்டால் என்ன தண்டனை?

எஸ்.பி. 88 விதிகள் வந்தபோது மீறலுக்கு நாளொன்றுக்கு 500 டாலர் வரை என்று இருந்தது. எடுப்பு அறிக்கையே தராவிட்டால் 1,000 டாலர், சுட்டிக்காட்டிய பிறகும் 30 நாளில் தராவிட்டால் அதற்கு மேல் நாளுக்கு 500. தெரிந்தே கருவியைக் குலைப்பதற்கும் பொய்க் கணக்குக் கொடுப்பதற்கும் 25,000 டாலர் வரை போகும்.

2022 ஆகஸ்டில் வடக்கே சாஸ்தா ஆற்றில், எடுப்பை நிறுத்தச் சொன்ன ஆணையை மீறிச் சிலர் எட்டு நாள் தண்ணீர் எடுத்தார்கள். ஆற்றின் ஓட்டம் பாதிக்கும் மேல் விழுந்தது. அளவு நிலையத்தில் அது அப்படியே பதிவானது. அபராதம் மொத்தம் 4,000 டாலர். பங்கு பிரித்தால் யாருக்கும் உறைக்காத தொகை. சால்மன் வாழும் ஆற்றுக்கு அது ஈடாகாது என்பதே எங்கள் கருத்து. 2024-ல் வந்த ஏ.பி. 460 சட்டம் நிறுத்த ஆணையை மீறுவோருக்கு நாளுக்கு 10,000 டாலர் வரையும், எடுத்த ஒவ்வொரு ஏக்கர்-அடிக்கு 2,500 டாலர் வரையும் உயர்த்தியது.

உண்மையான எண்ணைக் கொடுத்தால் அது எனக்கே வினையாகாதா?

இந்தப் பயத்தைப் பலரிடம் பார்க்கிறோம். உரிமத்தில் வினாடிக்கு 2 கன அடி என்றிருக்க, நீங்கள் 3 எடுத்தால், மணிவாரித் தரவு அதைக் காட்டிக்கொடுக்கும்; உண்மைதான். அப்படியானால் மதகைச் சரிசெய்ய வேண்டும். எண்ணைத் திருத்தக் கூடாது.

மறுபக்கத்தையும் பாருங்கள். ஐந்து ஆண்டு பயன்படுத்தாத உரிமையை இழக்க நேரிடலாம். பயன்படுத்தினோம் என்பதற்கு உங்கள் கையில் என்ன ஆதாரம்? பக்கத்து நிலத்துக்காரர் சொல்லும் சாட்சியா, நாள்வாரிப் பதிவா? பயத்தில் குறைத்துக் காட்டியவர்கள், பின்னால் உரிமையின் அளவு கேள்விக்கு வரும்போது தாங்கள் எழுதிக்கொடுத்த சிறிய எண்ணாலேயே கட்டுண்டு நிற்க வேண்டியிருக்கும். சொட்டுநீருக்கு மாறி மிச்சப்படுத்தியவருக்கோ, மிச்சமான அளவையும் பயன்படுத்தியதாகவே சட்டம் ஏற்கும், ஆனால் அதை ஆண்டறிக்கையில் தெரிவித்திருக்க வேண்டும். எவ்வளவு மிச்சம் என்று சொல்ல, மாறுவதற்கு முன் எவ்வளவு எடுத்தீர்கள் என்ற அளவு வேண்டும். எனவே புதிய குழாய் போடுவதற்கு முந்தைய பருவத்திலேயே மீட்டரைப் பொருத்திவிடுங்கள்.